நாலு கம்பிக்காரரும் சிவப்பு விளக்கும்

உலகத்தில் வாத்தியம் வாசிக்கிறவர்கள் உண்டு, வாத்தியம் கேட்கிறவர்கள் உண்டு. இந்த இரண்டு கூட்டத்திலும் சேராமல், வாத்தியம் தேர்ந்தெடுக்கிறவர்கள் என்று மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. அதிலே மிக நல்ல குணமுள்ள, யாருக்கும் தீங்கு நினைக்காத, ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் பக்கத்தில் உட்கார முடியாத ஒரு பிரிவை இன்றைக்கு உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போகிறேன். நாலு கம்பிக்காரர். அதாவது, பொழுதுபோக்குக்காக பேஸ் கிட்டார் வாசிப்பவர்.

பேஸ் கிட்டார் தெரியுமல்லவா? சாதாரண கிட்டாருக்கு ஆறு கம்பி. இதற்கு நாலே நாலு, ஒவ்வொன்றிலும் துணி காயப்போடலாம். மேடையில் பாடகருக்குப் பின்னால் ஓரமாக, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு ஒருவர் நிற்பாரே, அவர் கையில் இருப்பதுதான். அவர் வாசிப்பது காதில் விழாது, வயிற்றில் விழும். அவர் வாசித்தாரா என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் யோசிப்பார்கள். இதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள், மனிதர் இரண்டு நாள் சாப்பிட மாட்டார்.

எனக்குத் தெரிந்த நாலு கம்பிக்காரர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். இப்போது என் மூக்கில் உட்கார்ந்திருப்பதுகூட அவர் பொருத்தியதுதான். நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பார். "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு..." என்று நாம் இழுத்தால் போச்சு. "சட்டுனு சொல்லுங்க சார். இதுல யோசிக்க என்ன இருக்கு? இதா, அதா?" என்று விரட்டுவார். ஊரார் கண்ணுக்கெல்லாம் மூன்று நிமிடத்தில் முடிவு கட்டுகிற இந்த மனிதர், தனக்கென்று ஒரு புதுக் கிட்டார் வாங்க எத்தனை நாள் எடுத்துக்கொண்டார் தெரியுமா? பதினான்கு மாதம்.

பழைய கிட்டாருக்கு என்ன கேடு என்று கேட்டேன். "அதுல உயிர் இல்ல சார்" என்றார்.

முதல் மூன்று மாதம் வீடியோ பார்த்தார். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவர் ஏதோ ஒரு கிட்டாரை நாற்பது நிமிடம் புகழ்வதைக் கேட்பார். கேட்டு முடித்ததும் அதே கிட்டாரை மட்டம் தட்டும் இன்னொருவரைத் தேடிப் பிடித்துக் கேட்பார். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத் தோன்றவே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அடுத்தது எடை. குளியலறையில் கிடந்த எடை பார்க்கும் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு வாத்தியக் கடைக்குப் போனார் மனிதர், கண்ணால் பார்த்தேன். அதற்கப்புறம் மரம். கிட்டாரின் உடம்பைத் தர்பூசணி வாங்குகிறவர் போல் விரலால் தட்டி, காதைக் கொண்டுபோய் வைத்து, "ம்ஹூம், பேச மாட்டேங்குது" என்பார். பேச ஆரம்பித்தால் இவர் பேச விடுவாரா என்பது வேறு விஷயம்.

நிறம்? "நிறத்தைப் பாத்தா வாங்குவாங்க? நான் என்ன சின்னப் பிள்ளையா?" இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கிட்டாரைக் கையில் கொடுத்தாலும் கடையில் அவர் வாசிப்பது அதே ஏழு ஸ்வரம்தான். அதே வரிசை, ஐந்தாவது ஸ்வரத்தில் அதே தடுமாற்றம். நிஜமாகவே வாசிக்கத் தெரிந்த யாராவது உள்ளே நுழைந்துவிட்டால் சட்டென்று கையை நிறுத்தி, கம்பி முறுக்கும் ஆணிகளை ஆராய ஆரம்பித்துவிடுவார்.

இப்படியே இன்னும் பதினான்கு மாதம் ஓட்டியிருப்பார். நடுவில் ஒரு இடது கை வந்து கெடுத்தது.

அவருக்கு ஒரு சின்ன இசைக்குழு உண்டு. பல் டாக்டர் ஒருவர்தான் தலைவர். வாரமெல்லாம் பல்லைக் குடைந்த கைக்கு ஞாயிற்றுக்கிழமை டிரம்ஸ் அடித்தால்தான் ஆறுதல். பாட்டுக்கு ஒரு பள்ளிக்கூட டீச்சர். கீபோர்டுக்கு நம்மவருடைய மனைவியின் தம்பி. ஞாயிறு காலை டாக்டரின் மருத்துவமனை மாடியில் கூடுவார்கள். எட்டு வருடப் பழக்கம். "கிட்டார் முடிவாகட்டும் டாக்டர், அப்புறம் பாருங்க" என்று சொல்லி நம்மவர் இரண்டு நிகழ்ச்சிகளைத் தட்டிக்கழித்துவிட்டார். மூன்றாவதாக, மூன்று மாதம் தள்ளி நடக்கவிருந்த குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் வந்தது. டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது.

"இந்தத் தடவையும் நீங்க வரலைன்னா, பேஸே வேண்டாம்னு வெச்சுக்குவோம் சார். அந்தக் கனமான சத்தத்தைக் கீபோர்டுல உங்க மச்சான் இடது கையிலயே சமாளிச்சுக்குவாரு."

மச்சானும் ஒத்து ஊதினான். "ஆமா அத்தான். வலது கைதான் வாசிக்குது. இடது கை சும்மாதானே இருக்கு."

சும்மா இருக்கிற ஒரு கை! நம்மவருக்கு முகம் சுண்டிவிட்டது. வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான் அவரிடம் யாரும் கண்ணாடி விலை கேட்பதில்லை. அந்த மாடியில் தனக்கு இடம் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வது என்றே அவருக்குத் தெரியவில்லை. மறுநாளே வாத்தியக் கடைக்கு ஓடினார். நாற்பதுக்கு மேற்பட்ட கிட்டார்களைக் கழித்துக்கட்டி, கடைசியில் கடல் பச்சையில் ஒன்றை மடியில் வைத்தார். கண் கலங்கிவிட்டது.

"இதுதாங்க! இத்தனை நாளா இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

கடைக்காரர் நிதானமாகச் சொன்னார்: "சார், போன வருஷம் முதல் நாள் நீங்க கையில எடுத்ததே இதைத்தான். கலர் நல்லாருக்குன்னு சொன்னீங்க."

வீட்டுக்கு வந்த பச்சைக் கிட்டாருக்கு நடந்த உபசாரத்தைக் கேளுங்கள். சோபாவின் நல்ல மூலை அதற்கு ஒதுக்கப்பட்டது. "யாராவது வந்தா எங்கங்க உக்காருவாங்க?" என்று மனைவி கேட்டார். "சும்மா நிக்க வெச்சா கழுத்து வளைஞ்சிடும்மா" என்றார். விருந்தாளியின் கழுத்தைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. தோளில் மாட்டிக்கொண்டு அலமாரிக் கண்ணாடி முன் நிற்பார். வாரை இரண்டு விரல் இறக்குவார், ஒரு விரல் ஏற்றுவார். பால் வாங்கிக்கொள்ளக் கதவைத் திறக்கும்போதும் கிட்டார் தோளில்தான். ஆனால் ஒன்று, இவ்வளவு கேலி செய்கிற நானும் ஒப்புக்கொள்ள வேண்டும்: மனிதர் வாசித்தார். காலையிலும் மாலையிலும் உட்கார்ந்து வாசித்தார். மிகத் தடித்த கம்பியை அவர் மீட்டும்போது சமையலறை அலமாரியில் ஒரு எவர்சில்வர் மூடி கிர்ர்ர் என்று பதில் சொல்லும். "உங்க மூடி கூப்பிடுது" என்பார் மனைவி. அவர் முகத்தில் அப்போது தெரிந்த சந்தோஷத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

கிட்டாரோடு ஒரு டியூனரும் வாங்கியிருந்தார். காலால் மிதிக்கிற சின்னப் பெட்டி. ஒரு மிதி மிதித்தால் சிவப்பு விளக்கு எரியும், கிட்டார் சத்தம் வெளியே போகாது, யாருக்கும் தொந்தரவில்லாமல் சுருதி சேர்த்துக்கொள்ளலாம். இன்னொரு மிதி மிதித்தால்தான் சத்தம் திரும்ப வரும்.

ஆமாம். நீங்கள் நினைப்பது சரி.

ஆண்டுக் கூட்டத்தில் வரவேற்புரை முடிந்தது, தண்ணீர்த் தொட்டி பற்றிய சண்டை முடிந்தது, பாட்டு ஆரம்பித்தது. நம்மவர் சுருதி சேர்த்தார். கண்ணை மூடினார். வாசித்தார், ஐயா, வாசித்தார்! தலை ஆடுகிறது, தோள் ஆடுகிறது, விரல் கம்பியில் நடக்கிறது, ஐந்தாவது ஸ்வரத்தில்கூடத் தடுமாற்றம் இல்லை. காலடியில் சிவப்பு விளக்கு பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தது. பாட்டு முடிந்ததும் கூடம் அதிரக் கைதட்டல். சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்து, "குறிப்பா அந்தப் பச்சைக் கிட்டார், ரொம்ப இனிமை!" என்றார். நானும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டினேன்.

என் பக்கத்தில் இருந்த அவர் மனைவி மட்டும் தட்டவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு மேடை ஓரத்துக்குப் போய்க் கணவரை அழைத்தார்.

"ஏங்க, ஏன் வாசிக்கலை?"

"என்னம்மா சொல்றே? உயிரைக் குடுத்து வாசிச்சிருக்கேன்!"

"மூணு மாசமா என் மூடி அதிருது. எனக்குத் தெரியாதா? வயித்துல ஒண்ணுமே விழலைங்க."

குனிந்து பார்த்தார். சிவப்பு. அந்த முகத்தை எப்படிச் சொல்வேன்? ஒரு பாட்டு முழுக்க அவர் இல்லாமலே நடந்திருக்கிறது, டாக்டருக்கே தெரியவில்லை. இதற்குமேல் அந்த மாடியில் அவருக்கு என்ன வேலை? கீபோர்டுப் பக்கம் திரும்பினார். மச்சான் தன் இடது கையை உதறிக்கொண்டிருந்தான்.

"பாதிப் பாட்டுலயே பாத்துட்டேன் அத்தான். நீங்க கண்ணைத் திறந்தாத்தானே சொல்றதுக்கு? நானே சமாளிச்சேன். கை செத்துப்போச்சு. தயவுசெஞ்சு அடுத்த பாட்டை நீங்களே வாசிங்க."

நம்மவர் டியூனரை ஓங்கி மிதித்தார். இரண்டாவது பாட்டில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, நாற்காலிக் கால் அதிர்ந்தது, முன்வரிசையில் தூங்கிய சங்கப் பொருளாளர் எழுந்து உட்கார்ந்தார். மூன்று இடத்தில் தப்பு வந்தது. மூன்றும் எல்லோர் வயிற்றிலும் விழுந்தது. அவர் மனைவி இந்தத் தடவை கைதட்டினார், பாட்டு முடிவதற்கு முன்பே.

கடைசியில் டாக்டர் வந்து தோளில் தட்டினார். "ஞாயித்துக்கிழமை வந்துடுங்க சார். உங்க இடம் உங்களுக்குத்தான். ஆனா முதல் பாட்டு மாதிரியே வாசிங்க. அதுதான் கச்சிதம்."

இன்றுவரை டாக்டருக்கு யாரும் உண்மையைச் சொல்லவில்லை. நேற்று கண்ணாடி துடைத்துக்கொள்ளக் கடைக்குப் போனேன். நம்மவர் காதில் ஹெட்போன். "சும்மாதான் சார் பாக்குறேன்" என்றார். எட்டிப் பார்த்தேன். அஞ்சு கம்பி.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். உங்கள் வீட்டு அலமாரியில் தூங்குகிற கேமராவை நான் விசாரிக்கப் போவதில்லை. துணி காயப்போடப் பயன்படும் அந்த உடற்பயிற்சி சைக்கிளையும் கேட்கப் போவதில்லை. ஆனால் அலுவலகத்திலோ வீட்டிலோ, கண்ணை மூடிக்கொண்டு பிரமாதமாக ஏதோ செய்துகொண்டிருக்கிறீர்களே, எல்லோரும் கைகூடத் தட்டுகிறார்களே... எதற்கும் ஒரு தடவை காலடியில் குனிந்து பாருங்கள்.