ஜாலான் புசாரில் மட்டும் குளிர்

பொங்கோலில் இறங்கிய பெண் கதவைச் சாத்துவதற்குள் சுப்பிரமணியத்தின் கைப்பேசியில் ஒற்றை நட்சத்திரம் வந்து விழுந்தது. கூடவே ஒரு வரி: 'ஓட்டுநர் நல்லவர். வண்டி அடுப்பு.'

செயலியில் வாடகைக் கார் ஓட்டுகிறவருக்கு நட்சத்திரம்தான் சோறு. இன்னும் இரண்டு இப்படி விழுந்தால் அவரை ஓட்ட விடாமல் நிறுத்திவிடுவார்கள். ஆயுத பூசை வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. பொட்டு வைத்து, வண்டியின் முகத்தில் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கிய மறுநாளே ஏர்கான் மக்கர் செய்தால் மனிதர் யாரைத்தான் நோவார்?

ஜாலான் புசாரில் அப்துல் அலீமின் பட்டறைக்குப் போனார். கல்லாவில் இருந்த அலீமின் மனைவி பரீதாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, எதிர்க்கடையில் பாலில்லாத கோப்பி-ஓ ஒன்று குடித்துவிட்டு வந்து பார்த்தால் வண்டிக்குள் ஐஸ் காற்று.

"ஏர்கான்ல கோளாறே இல்லண்ணே" என்றார் அலீம்.

"கேஸ் தீர்ந்திருக்கும்பா. நல்லா ஏத்தி விடு."

"எரிஞ்சு தீர அது என்ன பெட்ரோலா? அதே கேஸ்தான் உள்ள சுத்திக்கிட்டே இருக்கு. வண்டிக்குள்ள இருக்கிற சூட்டை வாங்கி ஆவியாகும். கம்ப்ரஸர் அதை அமுக்கி முன்னால தள்ளும். முன்னால கண்டென்சர்ல வெளிக்காத்து பட்டதும் சூட்டைக் கொட்டிட்டு மறுபடி தண்ணியாயிடும். குறைஞ்சா எங்கயோ ஓட்டைன்னு அர்த்தம். உங்களுக்கு ஓட்டையே இல்ல."

பாடமெல்லாம் சுப்பிரமணியத்துக்கு எதற்கு? பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்று, கேஸை ஏற்ற வைத்துக்கொண்டுதான் கிளம்பினார். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு. அழுத்தம் தாங்காமல் கம்ப்ரஸர் நடுநடுவே தானே நின்றது. புக்கிட் மேராவுக்குப் போக ஏறிய ஒரு குடும்பம் பாதி வழியில் இறங்கிக்கொண்டது. இரண்டாவது ஒற்றை நட்சத்திரமும் வந்து விழுந்தது.

மறுபடியும் பட்டறை, மறுபடியும் கோப்பி-ஓ. ஏற்றிய கேஸை அலீம் முணுமுணுத்துக்கொண்டே இறக்கினார். வண்டி ஜில்லென்று இருந்தது. சிராங்கூன் ரோட்டுச் சிக்னலைத் தாண்டுவதற்குள் மறுபடியும் அனல் அடித்தது.

வீட்டில் ரத்தினம்மா கணவர் சொன்னதை முழுதாகக் கேட்கக்கூட இல்லை. கண் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். வாடிய மாலையை மாற்றிச் சின்ன மாலை போட்டதுதான் தப்பாம். ரத்தினம்மாவே லிட்டில் இந்தியாவுக்குப் போய் ஆள் கனத்துக்கு ஒரு செவ்வந்தி மாலை வாங்கிவந்து, வண்டியின் முகத்தில் இடைவெளியே தெரியாமல் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினார். அன்றைக்கு ஏர்கானிலிருந்து வந்த காற்றில் அப்பளம் பொரிக்கலாம்.

மூன்றாவது தடவை பட்டறைக்கு வந்த சுப்பிரமணியம் சாவியைக் கல்லாவில் வீசினார். அரை மணி நேரம் கழித்து அலீம் ஏர்கான் வாயில் வெப்பமானியை வைத்துக் காட்டினார். ஏழு டிகிரி.

"இங்க குளிரும்யா. ரோட்டுல போனா கொதிக்குது" என்று பொங்கினார் சுப்பிரமணியம். "இன்னும் ஒரு ஒத்த ஸ்டார் விழுந்தா என் பொழப்பு போச்சு. என் வண்டிக்கு உன் பட்டறை மேல மட்டும் என்னய்யா அப்படி ஒரு பாசம்? ஒழுங்கா பார்க்கத் தெரியலன்னா சொல்லிடு, நான் வேற இடம் பார்த்துக்கிறேன்."

அலீம் மறுபடியும் வெப்பமானியையே எடுத்துப் பார்த்தார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒரு வண்டியை அவர் கண்டதில்லை.

பரீதாவுக்குத்தான் பொறுக்கவில்லை. உள்ளறைக்குப் போனவர், அந்தப் பெரிய செவ்வந்தி மாலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து நின்றார்.

"ஒழுங்கா பார்க்கலன்னு மட்டும் சொல்லாதீங்கண்ணே. சாமி மாலையில கிரீஸ் பட்டுடக் கூடாதுன்னு, ஒவ்வொரு தடவையும் வண்டி வந்ததும் நானே கழட்டி உள்ள வெச்சுட்டு, நீங்க கிளம்புறப்ப மறக்காம இருந்த மாதிரியே இறுக்கிக் கட்டித்தான் அனுப்புறேன்லா."