உள்ளே மாப்பிள்ளை, வெளியே பூட்டு

இதை எனக்கு முதலில் சொன்னது என் மாப்பிள்ளைதான். போன திங்கட்கிழமை காலை, பிரார்த்தனை முடித்து நான் இன்னும் எழுந்திருக்கவில்லை, போன் அடித்தது. எடுத்தால் காதில் நெருப்பு.

“அத்தை! உங்க பொண்ணு என்னை வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டா!”

“எப்ப மாப்பிள்ளை?”

“சனிக்கிழமை!”

“ஐயோ, இன்னும் உள்ளேயா இருக்கீங்க?”

“நேத்து சாயங்காலம்தான் திறந்துவிட்டா!”

அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. விடுமுறையிலும், “சும்மாதானே இருக்கே, வந்து சரக்கை எண்ணிட்டுப் போ” என்று முதலாளி கூப்பிட்டுவிடுவார். முதலாளி இருப்பது நேர் எதிர்வீடு. ஒளியவும் முடியாது.

அதனால் ஒரு திட்டம். இரண்டு பேரும் ஊருக்குப் போவதாக முதலாளியிடம் சொல்லிவிட்டார். என் பெண் வாசல் கதவை வெளியே பூட்டிவிட்டு, சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக உள்ளே வர வேண்டும். வந்து? வேளாவேளைக்குச் சமைத்துப் போட வேண்டும். துரை படுத்துக்கொண்டு நாவல் படிப்பார்.

அந்த நாவல் யாருடையது? அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. நூலகத்தில் பேர் சொல்லி வைத்து, மாதக்கணக்காகக் காத்திருந்து என் பெண் வாங்கிவந்தது. கொலைக் கதை. இவர் பிடுங்கிக்கொண்டார்.

“நான் முடிச்சுட்டுத் தர்றேண்டி.”

“நீங்க முடிச்சா முடிவையும் சொல்லிடுவீங்களே!”

“உனக்குப் படிக்கிற வேலை மிச்சம்தானே?”

கல்யாணமான நாளிலிருந்து அவளை ஒரு கதையையும் முழுசாகப் படிக்க விட்டதில்லை. அவள் பாதியில் இருப்பாள். “அந்த டாக்டர்தான் கொன்னான்” என்று சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போவார். கொலைகாரனை விட்டுவிடலாம், இவரைத்தான் பிடித்து உள்ளே போட வேண்டும் என்று நானே நினைத்திருக்கிறேன். கடவுள் மன்னிக்கட்டும்.

சனிக்கிழமை அவர் சொன்னபடியே வாசலைப் பூட்டினாள். அவர் சொல்லாமலே பின்வாசலையும் பூட்டினாள். இவர் போனில் கூப்பிட்டிருக்கிறார்.

“ஏய், கதவைத் திறடி!”

“கத்தாதீங்க. எதிர்வீட்டுக்குக் கேட்கும்.”

குரலைத் தணித்துக்கொண்டு கோபப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்ததாம்.

“எங்கேடி போறே?”

“ஊருக்கு. முதலாளிகிட்ட சொன்னீங்களே, பாதியாவது நிஜமா இருக்க வேண்டாமா?”

“எனக்குச் சாப்பாடு?”

“கட்டில்ல புத்தகம் இருக்கு, படிங்க.”

நாவலாவது மிஞ்சியதே என்று பழுப்புத் தாளில் அட்டை போட்ட புத்தகத்தைப் பிரித்திருக்கிறார். அட்டை மட்டும்தான் நாவலுடையது. உள்ளே சமையல் புத்தகம். முதல் பாடம், அரிசி களைவது எப்படி.

“ரெண்டு நாளும் அதைத்தான் படிச்சேன் அத்தை! முதல் நாள் சோறு கருகிப் போச்சு. ஜன்னலைத் திறந்து புகையை வெளியே விட முடியல. இரும முடியல! தலையணையில முகத்தைப் புதைச்சுக்கிட்டு இருமினேன்!”

“மறுநாள்?”

“மறுநாள் குழம்புகூட நல்லா வந்துச்சு” என்றார், கோபத்தை மறந்து. உடனே ஞாபகம் வந்து கத்தினார். “அதுதான் அநியாயம்! வந்து ஒரு வாய் தின்னு பார்த்துட்டு, இனிமே எல்லா லீவுக்கும் நீங்களே சமைங்கன்னுட்டா!”

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

“சிரிக்கிறீங்களா அத்தை?”

“இருமல் மாப்பிள்ளை.”

“அந்த நாவலையாவது வாங்கிக் குடுங்க. எங்கே வச்சிருக்கா?”

“பத்திரமான இடத்துலதான் இருக்கு.”

இருமல்தான் பொய். இது பொய்யில்லை. இரண்டு நாளும் அவள் என் வீட்டுக் கட்டிலில் கிடந்துதான் அதைப் படித்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை, சாப்பிட மட்டும் கூப்பிட்டேன். முடித்ததும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவர் கத்திக்கொண்டிருந்தபோது, பிரார்த்தனைப் புத்தகத்துக்கு அடியில், என் மடியில் இருந்தது.

கப்பலில் சமையல்காரர் செத்துக் கிடப்பதில் ஆரம்பிக்கும். நான் பாதிதான் தாண்டியிருக்கிறேன். நீங்கள் அதைப் படித்தவராக இருந்தால், யார் கொன்றது என்று மட்டும் என்னிடம் சொல்லிவிடாதீர்கள்.