அவசரத்துக்கு முத்துப்பாண்டி

எனக்குப் பொறாமை வரப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுக்காரன் கண்ணாடி போட்டு வந்தபோது, எனக்கும் கண் தெரியவில்லை என்று ஒரு வாரம் சுவரில் முட்டிக்கொண்டு நடந்தவன் நான். இந்தக் குணத்தை இருபத்தெட்டு வயதுவரை வெளியே தெரியாமல் காப்பாற்றி வந்தேன். பிறகு ஒரே நாளில், ஒரு ஆம்புலன்ஸின் உதவியோடு, எல்லோருக்கும் தெரியும்படி செய்துகொண்டேன்.

மதுரை தல்லாகுளத்தில் ஒரு விழா ஏற்பாட்டுக் கம்பெனியில் எனக்கு வேலை. (இப்போதும் அங்கேதான். ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கும் புரியவில்லை.) கடைத் திறப்பு, கல்லூரி ஆண்டு விழா, டாக்டர்கள் மாநாடு என்று எது கேட்டாலும் நடத்திக் கொடுப்போம். அழைப்பிதழ் முதல் நன்றியுரை வரை எழுத்து வேலை முழுவதும் என்னுடையது.

ஒருமுறை வெளியூர்க் கம்பெனி ஒன்று, எங்கள் ஆட்களின் பெயர், நம்பர் எல்லாம் தருகிறோமே, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று எழுத்தில் கேட்டது. அதுவரை நாங்கள் செய்தது என்னவென்றால், ஒரு விழாவுக்கு வந்தவரின் நம்பருக்கு அடுத்த இருபது விழாவுக்கும் மெசேஜ் அனுப்பி, பிறந்தநாள் வாழ்த்தும் சொல்லி, அவர் எங்களைத் திட்டி பிளாக் செய்யும்வரை விடாமல் இருந்ததுதான். எங்கள் எம்.டி. ஜெயபால் சார் என்னைக் கூப்பிட்டார்.

"சரவணா, இனிமே ஒழுங்கா இருக்கப் போறோம்னு நல்ல தமிழ்ல ஒரு பக்கம் எழுதுப்பா. ரிசப்ஷன்ல மாட்டிருவோம்."

எழுதினேன். உங்கள் விவரங்களை எந்தக் காரியத்துக்காகக் கேட்டோமோ அதற்கு மட்டுமே பயன்படுத்துவோம். அந்த வேலையில் இருப்பவரைத் தவிர வேறு யாரும் பார்க்க மாட்டார்கள். எங்களிடம் என்ன இருக்கிறது, யார் பார்த்தார்கள் என்று எப்போது கேட்டாலும் சொல்வோம். அழிக்கச் சொன்னால் அழிப்போம். இப்படிப் பத்துப் பன்னிரண்டு வரி. எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. கண்ணாடிச் சட்டம் போட்டு ரிசப்ஷனில் மாட்டினார்கள். நான் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக் கார்த்திகாவுக்கு அனுப்பினேன்.

கார்த்திகா எனக்கு நிச்சயம் ஆகியிருந்த பெண். பழங்காநத்தத்தில் வீடு. அவள் அப்பாவுக்கு அங்கேயே மின்சாமான் கடை. அவள் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகர். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது. தினமும் போனில் பேசுவோம். நான் என் கம்பெனியின் பெருமையைப் பேசுவேன், அவள் "ம்" என்பாள். மிகவும் ரசித்துக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக்கு ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றை எங்கள் கம்பெனி ஏற்றிருந்தது. ஓட வருகிறவர்கள் ஆன்லைனில் பாரம் நிரப்ப வேண்டும். பெயர், வயது, ரத்த வகை, சட்டை அளவு என்று கட்டங்கள் நீண்டுகொண்டே போகும். சான்றிதழில் அச்சாக வேண்டிய பெயர்களைச் சரிபார்க்க எனக்கு அந்தப் பட்டியலைத் திறக்கும் அனுமதி கொடுத்திருந்தார்கள். எனக்கு வேண்டியது முதல் கட்டம் மட்டும்தான்.

முதல் கட்டத்தில் கார்த்திகாவின் பெயர் இருந்தது.

அவள் என்னிடம் சொல்லவே இல்லை. சரி, மறந்திருப்பாள் என்று அடுத்த பெயருக்குப் போயிருக்கலாம். ஆனால் விரல் வலப்பக்கம் நகர்ந்தது. ரத்த வகை ஓ பாசிட்டிவ். (எனக்கும் அதேதான். மனசு குளிர்ந்தது.) சட்டை அளவு எம். அடுத்தது, அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர். அங்கே என் பெயர் இல்லை. அவள் அப்பா பெயரும் இல்லை. முத்துப்பாண்டி என்று இருந்தது. கீழே ஒரு போன் நம்பர். பக்கத்தில் 'உறவு' என்ற கட்டம். அது காலியாக இருந்தது.

அந்தக் காலிக் கட்டத்தை நான் எத்தனை நேரம் பார்த்தேன் என்று தெரியாது. நண்பன் என்று போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எழுத முடியாத அளவுக்கு அப்படி என்ன உறவு? அவள் ஓடுகிறாள், மயங்கி விழுகிறாள், முத்துப்பாண்டி வந்து தூக்குகிறான், நான் மேடைக்குப் பக்கத்தில் வரவேற்புரையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். சாப்பாட்டு நேரத்துக்குள் அந்த முத்துப்பாண்டிக்கு நான் உயரம், சுருட்டை முடி, ஒரு புல்லட் வண்டி வரை கொடுத்துவிட்டேன். சாம்பார் சாதம் இறங்கவில்லை. வயிறு எரிந்தது என்று சொல்வார்களே, அது நிஜமாகவே வயிற்றில்தான் எரிகிறது என்று அன்றைக்குத் தெரிந்தது.

அவளிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் என் பாரத்தை ஏன் பார்த்தீர்கள் என்பாள். ஆகவே அறிவாளித்தனமாக யோசித்து, ஆபீஸில் விழா வேலைக்காக வைத்திருக்கும் செல்போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனேன். விவரம் சரிபார்க்கிற மாதிரி பேசி, உறவைத் தெரிந்துகொண்டு வைத்துவிடுவது என்பது திட்டம்.

"வணக்கம் சார். ஓட்டப் பந்தயம் நடத்துற கம்பெனியில இருந்து பேசுறோம். கார்த்திகாங்கிறவங்களுக்கு அவசரத்துக்குக் கூப்பிடுறதுக்கு உங்க நம்பர் குடுத்திருக்காங்க..."

"கார்த்திகாவுக்கா? என்னாச்சு?"

நல்ல குரல். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

"அவங்களுக்கு நீங்க என்ன உறவு சார்?"

"அதெல்லாம் பிறகு சொல்றேன். எந்த இடத்துல கிடக்குறா? நினைவு இருக்கா? மூச்சு சீரா இருக்கா?"

இப்படி ஒரு பதிலுக்கு நான் தயாராக இல்லை. பயத்தில் லைனை கட் செய்தேன். திரும்பக் கூப்பிட்டுவிடுவானோ என்று போனை ஆஃப் செய்து மேஜைக்குள் போட்டுப் பூட்டினேன். பூட்டிய பிறகும் பொறாமை போகவில்லை. மூச்சு சீரா இருக்கா என்று கேட்கிறான். நிச்சயம் ஆகி நாலு மாதத்தில் நான் 'சாப்பிட்டியா'வைத் தாண்டி எதுவும் கேட்டதில்லை.

கால் மணி நேரத்தில் என் சொந்த போன் அடித்தது. மாமனார்.

"மாப்ள, கார்த்திகாவுக்கு என்னமோ ஆயிருச்சாம். யாரோ போன் பண்ணிச் சொல்லிட்டு கட் பண்ணிட்டாங்களாம். அவ போனை எடுக்க மாட்டேங்கிறா. நான் காலேஜுக்குப் போறேன், நீங்களும் வெரசா வாங்க."

அந்த நிமிடத்தில், சத்தியமாகச் சொல்கிறேன், இதற்குக் காரணம் நான்தான் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. பக்கத்து சீட்டுக்காரரின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு பறந்தேன். அழகரே, அவளுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தால் உன் கோயிலுக்கு வந்து மொட்டை போடுகிறேன் என்று வாய்விட்டு வேண்டினேன். காளவாசல் சிக்னலில் சிவப்பு. எண்கள் குறைந்துகொண்டே வந்தன. யாரோ போன் பண்ணி, பாதியில் கட் பண்ணினானாமே, எந்தப் படுபாவி அவன் என்று பற்களைக் கடித்தேன். எண் நாற்பதுக்கு வந்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. பச்சை விழுந்தும் நான் நகரவில்லை. பின்னால் இருந்த பஸ்காரர் என் குடும்பத்தையே விசாரித்தார்.

திரும்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவளுக்கு விபத்து என்று கேட்டும் வராத மாப்பிள்ளை என்ற பெயர் இன்னும் மோசம். போனேன்.

நூலகத்து வாசலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் நின்றது. உள்ளே, அமைதி காக்கவும் என்ற பலகைக்கு நேர் கீழே ஸ்ட்ரெச்சர். சுற்றிலும் மாணவர் கூட்டம். நடுவில் கார்த்திகா, கையில் ஒரு புத்தகத்துடன், கல் மாதிரி திடமாக நின்றிருந்தாள். (நூலகத்துக்குள் அவள் போன் எப்போதும் சைலன்ட்.) பக்கத்தில் வெள்ளைச் சீருடையில் ஒருவர், அவள் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க மச்சான், எனக்கு ஒண்ணும் இல்ல," என்றாள் அவள்.

மச்சான். அந்தச் சொல் காதில் விழுந்ததும், அவள் உயிரோடு இருக்கிறாள் என்ற நிம்மதியெல்லாம் எங்கோ போய்விட்டது. மூச்சு வாங்க வந்து சேர்ந்த மாமனார்தான் அறிமுகம் செய்தார்.

"இவன் எங்க அக்கா மகன் முத்துப்பாண்டி, மாப்ள. ஆம்புலன்ஸ் ஓட்டுறான். நிச்சயத்தன்னைக்கு டூட்டியில மாட்டிக்கிட்டான்."

அத்தை மகன். கட்டிக்கொள்ளும் முறை. ஆளும் நான் கற்பனையில் கொடுத்ததைவிட அரை அடி கூடுதல் உயரம். (அவருக்குக் கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகள் என்ற விவரம் எந்தக் கட்டத்திலும் இல்லை.) அவர் என்னைப் பார்த்தார். "தம்பிக்கு முகமெல்லாம் வெளுத்துப் போச்சு, முதல்ல உட்காருங்க," என்று என்னை ஸ்ட்ரெச்சரில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். மொட்டை வேண்டுதலை நான் உளறிக்கொட்டியது அப்போதுதான். மாமனாருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"யார் மச்சான் போன் பண்ணது?" என்று கேட்டாள் கார்த்திகா.

முத்துப்பாண்டி தன் போனைக் காட்டினார். யார் அழைத்தது என்று காட்டும் செயலி ஒன்றை அவர் வைத்திருந்தார். எங்கள் கம்பெனியின் பெயர் அச்சடித்த மாதிரி தெரிந்தது. மாமனார் என்னைப் பார்த்து, "இது உங்க ஆபீஸ்தானே மாப்ள? வாங்க, போயி எவன்னு கேப்போம். இன்னைக்கு அவனை உண்டு இல்லைன்னு ஆக்கிப்புடுவோம்," என்றார்.

ஆம்புலன்ஸ் எங்கள் ஆபீஸ் வழியாகத்தான் ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டும். நான் இருந்த நிலையில் ஓட்ட வேண்டாம் என்று ஸ்கூட்டரை அங்கேயே விடச் சொல்லிவிட்டார் முத்துப்பாண்டி. கார்த்திகாவும் மாமனாரும் பக்கவாட்டு பெஞ்சில். வேறு இடம் இல்லாததால் நான் நோயாளி படுக்கையில். என்னை நானே பிடித்துக் கொடுக்க என்னையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஆம்புலன்ஸைப் பார்த்து ஜெயபால் சார் வாசலுக்கே ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டு, "எங்க ஆபீஸ்ல அப்படி நடக்காதுங்க," என்றார். கார்த்திகா சுவரில் இருந்த சட்டத்தின் முன்னால் போய் நின்று, ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"எங்களிடம் என்ன இருக்கிறது, யார் பார்த்தார்கள் என்று எப்போது கேட்டாலும் சொல்வோம்னு போட்டிருக்கே சார். நான் கேக்குறேன். சொல்லுங்க."

நூலகருக்கு எந்தப் புத்தகத்தை யார் எடுத்தார்கள் என்று கேட்பது தினப்படி வேலை. எம்.டி. கம்ப்யூட்டரைத் திறந்தார். பட்டியலை யார், எப்போது பார்த்தார்கள் என்று அது தானாகவே குறித்துவைக்கும் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"உங்க வரியைத் தனியா திறந்தது ஒரே ஆள்தாம்மா. சரவணன். இன்னைக்குக் காலையில மட்டும் இருபத்து மூணு தடவை."

மாமனார் உண்டு இல்லை என்று ஆக்குவதற்காக மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டார். கல்யாணம் இத்தோடு போயிற்று என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மண்டபம், பத்திரிகை எதுவும் நினைவுக்கு வரவில்லை. நாளை முதல் 'ம்' என்று கேட்க அவள் இருக்க மாட்டாள் என்பது மட்டும்தான் வந்தது.

"என்னென்ன இருக்குன்னும் படிங்க சார்," என்றாள் அவள்.

படித்தார். ஓ பாசிட்டிவ். எம். முத்துப்பாண்டி. உறவு, காலி.

"அந்தக் கட்டத்துல ஏம்மா ஒண்ணும் எழுதல?" என்று தாங்க முடியாமல் நானே கேட்டுவிட்டேன்.

"அது கட்டாயம் இல்லைன்னு போட்டிருந்துச்சு. ஆம்புலன்ஸ் ஓட்டுறவரு நம்ம வீட்டுலயே இருக்கையில அவசரத்துக்கு வேற யாரு நம்பரைக் குடுப்பாங்க?"

இதற்கு மதுரையில் எந்த வக்கீலிடமும் பதில் இருக்காது. எம்.டி. இன்னும் வலப்பக்கம் நகர்த்தினார். நான் இருபத்து மூன்று தடவையும் தாண்டாத கடைசிக் கட்டம் வந்தது. இந்த ஓட்டத்தைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்? அவர் படிக்கத் தயங்கி, பிறகு படித்தார்.

"நான் கட்டிக்கொள்ளப் போகிறவர் இங்கேதான் வேலை பார்க்கிறார். அவர் வேலை செய்வதை ஒரு தடவை பார்க்க வேண்டும்."

வெட்கம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. முத்துப்பாண்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது, சிரிப்பில்.

"அழிக்கச் சொன்னா அழிப்பீங்கல்ல? அந்த வரியை அழிச்சிருங்க சார்," என்றாள் கார்த்திகா. "அவரு வேலை செய்யுறதைத்தான் பாத்துட்டேனே." பிறகு என் பக்கம் திரும்பினாள். "கட்டம் காலியா இருந்தா என்கிட்ட கேளுங்க. ஊருல கேக்காதீங்க."

'என்கிட்ட கேளுங்க' என்று சொன்னால், கேட்க அவள் இருப்பாள் என்று அர்த்தம். அதைப் புரிந்துகொண்டு அழுதுவிட்டேன். முத்துப்பாண்டிதான் பஞ்சு கொடுத்தார்.

எந்தப் பட்டியலையும் நான் திறக்கக் கூடாது என்று அன்றே என் அனுமதியைப் பிடுங்கிவிட்டார் எம்.டி. வேண்டினது வேண்டினதுதான் என்று மாமனார் விடாப்பிடியாக நின்று என்னை அழகர்கோயிலுக்குக் கூட்டிப்போய் மொட்டை போட வைத்தார். எங்கள் கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டுகிற ஆளுக்குத் தலையில் அரை இஞ்ச் முடிதான் இருக்கும். பக்கத்தில் முழு முடியோடு, எல்லாப் படத்திலும், முத்துப்பாண்டி. முறைப்படி எனக்கு அவர் அண்ணன் வேண்டும். 'அண்ணே' என்று கூப்பிட எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

வீட்டில் இன்றைக்கும் "போன்ல யாரு?" என்று நான் கேட்டால், கார்த்திகா, "என்ன காரியத்துக்காக இந்த விவரத்தைக் கேக்குறீங்க?" என்பாள். விருந்தாளி இருந்தால் முழுக் கதையும் வரும்.

போன வாரம் மகளைப் பள்ளியில் சேர்க்கப் பாரம் வாங்கி வந்தோம். கார்த்திகா நிரப்பிக் கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினாள். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர், முத்துப்பாண்டி. உறவு, பெரியப்பா. இந்தத் தடவை கட்டத்தைக் காலியாக விடவில்லை. ஆனாலும் வயிற்றில் அந்தப் பழைய இடத்தில் லேசாக எரிந்தது. ஊரில் கேட்காமல் அவளிடமே கேட்டேன்.

"பெத்த அப்பன் நான் இருக்கேன். என் நம்பரைப் போடக் கூடாதா?"

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீங்க பாதியில கட் பண்ணிருவீங்க," என்றாள்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.