சேமக்காலைக்குப் போகும் பிரான்சு

மாம்புரி,
1935, தை மாதம்.

மரியாதைக்குரிய மச்சான் வின்சன்டுக்கு,

யேசு மரி சூசை துணை. இங்கு யாவரும் ஆண்டவர் கிருபையால் சுகம் என்று தொடங்குவதுதான் முறை, அதனால் தொடங்கிவிட்டேன். கீழே வாசிக்கும்போது அதைக் கழித்துக்கொள்ளவும். உமது மருமகள், என் மகள் கத்தரினாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு அடிக்கிறது. ஊரே அப்படித்தான் கிடக்கிறது. மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி குயினைன் போத்தலைக் கவிழ்த்துக் காட்டி, "இனிக் கொழும்பிலயிருந்து வந்தாத்தான்" என்கிறார். ஆகையால் கொழும்பில் இருக்கும் நீர் எப்படியாவது குயினைன் வாங்கி, இந்தப் பக்கம் வரும் ஆளிடம் கொடுத்தனுப்ப வேண்டும். கோட்டைக் கடையில் கண்டதாக எழுதினீரே, பாரிஸ் பட்டணத்து வளைவு வாசல் படம் போட்ட அட்டை, அதை மட்டும் அனுப்ப வேண்டாம். படம் சேர்க்கிற பைத்தியம் எனக்குத் தெளிந்துவிட்டது. தெளிந்த விதத்தையும் கேளும்.

நம்முடைய பழைய பங்குச் சுவாமியார் பிரான்சு தேசத்தவர் அல்லவா? ஊரிலிருந்து அவருக்கு வரும் படத் தபாலட்டைகளை வாசித்து முடித்ததும் எனக்குத் தந்துவிடுவார். பாலம், அரண்மனை, மலை, கடற்கரை என்று அல்பம் நிறையச் சேர்த்து அலுமாரியில் பூட்டி வைத்திருந்தேன். என் கெட்ட காலம், அதில் லூர்து மாதாவின் குகைக் கெபியும் ஒன்று இருந்தது. அடுத்த தெரு மக்தலேனா அக்காவுக்குக் காய்ச்சல் கண்டதும் தலைமாட்டில் வைக்க அதைக் கேட்டார்கள், கொடுத்தேன். அவ செத்துப்போனா. நம் வழக்கம் உமக்குத் தெரியும், கடைசியாகக் கும்பிட்ட படத்தைக் கையில் கொடுத்துத்தான் பெட்டியை மூடுவோம். திருப்பிக் கேட்க வாய் வருமா? எல்லாரும் மக்தலேனாவைப் பார்த்து அழுதார்கள், நான் லூர்தைப் பார்த்து அழுதேன்.

அதோடு முடிந்ததென்று நினைத்தேன். சுவாமியார் கையால் வந்த படமென்றால் எல்லாமே மந்திரித்த படம்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஈபில் கோபுரத்தைக் கேட்டு வந்தவர்களிடம், இது வெறும் இரும்பு என்று சொல்லிப் பார்த்தேன். "இவ்வளவு உசரமா மாதாவுக்கில்லாம வேற ஆருக்குக் கட்டுவாங்க?" என்றார்கள். கோபுரம் இப்போது சேமக்காலை மண்ணுக்குள். நீஸ் கடற்கரையில் குடை பிடித்து உட்கார்ந்திருந்த துரைசானிமாரும் சேமக்காலையில். பிறகு முஸ்லிம் தெருவிலிருந்து ஹவ்வா உம்மா வந்து, "தம்பி, நம்மட மகனுக்குக் குருசு கிருசு இல்லாத படமாப் பாத்து ஒண்டு தாங்க" என்றா. பாதியில் முறிந்து ஆற்றுக்குள் நிற்கும் பழைய பாலம் ஒன்றைக் கொடுத்தேன். அவவுடைய மகன் பிழைத்துவிட்டான், பேரீச்சம்பழத்தோடு பாலமும் திரும்பி வந்தது. அன்று தொடங்கி முறிந்த பாலத்துக்காக என் படலையில் சனம் நின்றது மச்சான். நோய் தீர்க்கும் புதுமைப் பாலமாம். அடுத்து வாங்கிப்போன வீட்டுச் சவத்தோடு அந்தப் பாலமும் மண்ணுக்குள் போய்விட்டது, ஆனாலும் சனம் குறையவில்லை, பாலமில்லாவிட்டால் வேறு எதையாவது தா என்று கேட்டுக் கேட்டே அல்பத்தைக் காலியாக்கிவிட்டார்கள்.

இப்போது மிச்சம் ஒன்றே ஒன்று. கடலுக்கு நடுவே பாறையில், உச்சியில் சிறகு விரித்தபடி நிற்கும் மிக்கேல் சம்மனசின் கோயில். கத்தரினாவுக்கு அதில் உயிர். "அப்பா, வெள்ளம் ஏறினா சனம் பூசைக்கு எப்பிடிப் போகும்? தோணியிலயா?" என்று காய்ச்சலிலும் கேட்கிறாள். பக்கத்து வீட்டு றோசா தன் மகளுக்கென்று அதைக் கேட்டா, இல்லை என்றேன். உமது தங்கச்சி யூஜீனியா நம் பிள்ளையின் தலைமாட்டில் வைக்கக் கேட்டா, அவவுக்கும் இல்லை என்றேன். "காகிதம் தேஞ்சு போகுமெண்டு பாக்கிறீங்களா?" என்று கேட்டவ, அதன் பிறகு என்னோடு கதையில்லை. காய்ச்சலை மாற்றுவது குயினைன், சித்திரமல்ல. என் வீட்டிலிருந்து இனி ஒரு அட்டையும் போகாது. உமது தங்கச்சி நான் காகிதத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைக்கிறா. இந்தப் படங்கள் போன தலைமாடுகளை எல்லாம் நான் பார்த்தவன் மச்சான், எனக்குப் பயமாக இருக்கிறது. மருந்தைச் சீக்கிரம் அனுப்பும்.

டொறத்திக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் தோத்திரங்கள். நுளம்பு கடிக்கும், வலை இல்லாமல் படுக்க வேண்டாம். தலவில் கோயில் அர்ச்சியசிஷ்ட அன்னம்மாள் உங்கள் எல்லாரையும் காப்பாற்றட்டும். எங்களை அவ கவனிக்கவில்லை என்று இங்கே ஒருவரும் இன்னும் சத்தமாகச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உமது மைத்துனன்
லோறன்ஸ்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் இதையும் எழுத வேண்டியதாயிற்று. கத்தரினா இன்று காலையில் எங்களை விட்டுப் போய்விட்டாள். கோயில் படத்தை நானேதான் அவள் கையில் வைத்தேன். யூஜீனியா பிள்ளையின் விரல்களை அதன்மேல் மடித்துவிட்டா. குயினைனை அனுப்பும், றோசாவின் மகள் இன்னும் இருக்கிறாள். பாரிஸ் வளைவையும் சேர்த்தே அனுப்பும். அது எந்த அர்ச்சியசிஷ்டவருடைய வாசல் என்று றோசா கேட்டால், நான் ஒரு பெயர் சொல்லிக்கொள்கிறேன்.