கியர்க்காரரின் பிளம்ஸ் பெட்டி

இந்தக் கொடைக்கானல் மலையில் நான் பார்க்காத கிறுக்கு இல்லை. குளிரில் சட்டையில்லாமல் திரிந்த சாமியாரையும் பார்த்திருக்கிறேன், தன் குதிரைக்குக் குல்லாய் போட்டுக் கூட்டிப் போனவரையும் பார்த்திருக்கிறேன். ஆனால் என் நெஞ்சை நின்று நின்று ஓட வைத்தவர் கியர்க்காரர் ஒருவர்தான்.

பேத்துப்பாறையில் என் வீட்டை ஒட்டிய அறையில்தான் வாடகைக்குக் குடியிருந்தார். காலமெல்லாம் ஜீப் ஓட்டியவர். நடந்து போகும்போது மேடு வந்தால் இடது கை தானாகக் கியர் மாற்றும். சாப்பிடும்போது புரையேறினால் காலால் பிரேக்கை மிதிப்பார். கண் மங்கிவிட்டது, இனி லைசென்ஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஜீப் வாசலில் நின்றது. அவரும் அதன் பக்கத்தில் நின்றார்.

எனக்கு அந்த வருடம் வேறு கவலை. விதைப்பூண்டு. இரண்டாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை, எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் என் பூண்டைக் குறை சொன்ன வியாபாரி இன்னும் பிறக்கவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அடுத்தவர் வீட்டு விதைக்கு நான் கை நீட்டியது கிடையாது. பரணில் கட்டித் தொங்கவிட்டு, விறகடுப்புப் புகையில் காய வைத்து எடுப்பதுதான் வழக்கம். மகன் ஆசையாக விறகடுப்பை இடித்துவிட்டுக் கேஸ் அடுப்பு வாங்கிக் கொடுத்தான். புகை போயிற்று. ஐப்பசி மழை பிடித்ததும் பரணில் பூண்டு வேர்க்கத் தொடங்கியது.

அந்த நேரத்தில் ஒருநாள் வெள்ளனே கதவைத் திறக்கிறேன், ஜீப்புக்குச் சக்கரம் ஒன்றுகூட இல்லை! நாலு கல்லின் மேல் கிடக்கிறது.

“ஐயோ, திருடன்! திருடன்!” என்று போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. கியர்க்காரர் வாயில் பல் குச்சியோடு நிதானமாக வெளியே வந்தார்.

“எதுக்குக்கா இம்புட்டுச் சத்தம்? நான்தான் கழட்டுனேன்.”

“எதுக்குப்பா?”

“கம்ப்யூட்டர் வாங்க.”

நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

விற்கிற பூண்டு மூட்டையோடு நான் கொடைக்கானல் பஜாருக்குப் போன பஸ்ஸில் அவரும் சக்கரங்களை ஏற்றிக்கொண்டு வந்தார். பழைய டிவி, மிக்ஸி, கம்ப்யூட்டர் எல்லாம் வாங்கி விற்கிற பாய் கடைக்குப் போனோம். பாய் கறுப்பாக, செங்கல் கனத்தில் ஒன்றை எடுத்து வைத்தார்.

“கேம் ஆடணும்னா, திரையில படம் ஓட்டுற இந்தக் கார்டு இல்லாம ஆகாதுண்ணே. மதுரையில ஒரு கேம் கடையை மூடுனப்ப எடுத்தது.”

கியர்க்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கில் வைத்து முகர்ந்தார். “ஓடுன வண்டியா?”

“நல்லா ஓடுனது.”

“சூடாகுமா?”

“ஆகாம? மேல தட்டை வச்சா இட்லி வேகும்.”

சக்கரங்களைக் கொடுத்துவிட்டு அதை வாங்கி, பஸ்ஸில் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டார். “புதுசு வாங்க நமக்கு ஏதுக்கா வசதி? ஜீப்பையே அப்படித்தானே சேர்த்தேன். ஒண்ணொண்ணாச் சேர்த்தா எதுவும் ஓடும்” என்றார்.

அன்றிலிருந்து வாசலில் ஜீப் குறைந்துகொண்டே வந்தது. அறைக்குள் கம்ப்யூட்டர் வளர்ந்துகொண்டே போனது. பேட்டரி போய்த் திரை வந்தது. சீட்டுகள் போய் ஸ்டீயரிங்கும் மிதிகட்டையும் வந்தன. டிரைவர் சீட்டை மட்டும் கொடுக்க மாட்டேன் என்றார். அது அறைக்குள் வந்தது. எல்லாவற்றையும் பூட்டி வைக்கப் பெட்டி வாங்க வழியில்லை. பிளம்ஸ் பழம் அடுக்கும் மரப்பெட்டிக்குள் திருகி, அடியில் உடைந்த லக்கேஜ் வண்டியின் சக்கரங்களை மாட்டினார்.

சக்கரம் வந்துவிட்டதல்லவா, பூசை போட வேண்டாமா? சந்தனம், குங்குமம், மாலை. நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பெட்டியை உருட்டினார். ஒரு பழத்தின் சாறு பீறிட்டு நேரே பெட்டிக்குள் போயிற்று. நல்லவேளை, கரண்ட் கொடுக்கவில்லை. அதைத் துடைத்துக் காய வைக்கவே அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று.

அப்புறம் ஒரு சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் அலறல்.

“ஏலே, ஒதுங்குலே! ஒதுங்கு! போச்சு... போச்சு!”

டமார் என்று ஒரு சத்தம். கரண்டியோடு ஓடினேன். மனிதர் டிரைவர் சீட்டில் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கிறார். திரையில், கேமில் அவர் ஓட்டின லாரி குப்புறக் கிடக்கிறது.

“எந்த ஊருப்பா அது?” என்று கரண்டியை நீட்டிக் கேட்டேன்.

“ஏதோ வெளிநாடுக்கா. ரோட்டைப் பாருங்க, குழியே இல்ல.”

அந்தக் கோடு போட்ட ரோட்டிலும் நொடிக்கொரு தரம் ஹாரன் அடித்தார். வளைவே இல்லாத இடத்தில் எதற்கு என்று கேட்டேன். “அடுத்தாப்புல வராதுன்னு என்னக்கா நிச்சயம்?” என்றார்.

தினமும் இதே கூத்து. ஒருநாள் பொறுக்க முடியாமல், “அந்தப் பெட்டி இருக்கணும், இல்ல நீ இருக்கணும்” என்று சொல்லிவிட்டேன். அவர் பெட்டியைத் தடவிக் கொடுத்தார்.

மறுநாள் அழுகின பூண்டைப் பொறுக்கிப் போடப் பரணில் ஏறினேன். பரண் இரண்டு அறைக்கும் பொது, கீழே வெறும் பலகைதான். என் பக்கத்துப் பூண்டெல்லாம் சொதசொதவென்று இருந்தது. அவர் பக்கம் போனால், தொட்டதும் சரசரவென்கிறது! பலகை இடுக்கு வழியாக, கீழே ஓடுகிற அவர் பெட்டியிலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வருகிறது. ஒரு கட்டு விடாமல் அந்தப் பக்கம் மாற்றிக் கட்டினேன். கட்டி முடிக்கும்போது காற்று நின்றுவிட்டது.

இறங்கி ஓடினேன். “ஏம்ப்பா நிறுத்திட்ட?”

“டீ குடிக்கப் போறேன்க்கா.”

“டீ நான் கொண்டாறேன். நீ வண்டிய எடு.”

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

பூண்டு பாதி காய்ந்திருந்தது. அதற்குள் பெரியகுளத்திலிருந்து அவர் மகள் வந்தாள், கண்ணுக்கு ஆபரேஷன் என்று அப்பாவைக் கூட்டிப் போக. மழை விட்டபாடில்லை.

“பெட்டியச் சும்மா போட்டு வச்சாப் போதுமாப்பா?”

“ஓடாட்டிச் சூடாகாதுக்கா. நீங்கதான் ஓட்டணும்.”

“நானா!”

“மண்வெட்டி பிடிச்ச கைதானே, ஸ்டீயரிங் பிடிக்காதா? வெரசா மட்டும் போகாதீங்க.”

அவர் போன அன்று சீட்டில் உட்கார்ந்தேன். முதல் நாள் ஒரு பாலம், இரண்டு சுவர், ஒரு பெட்ரோல் பங்க் எல்லாம் என்னால் சேதம். பால் கொண்டு வந்த மருதாயி வாசலிலேயே செம்பைப் போட்டுவிட்டாள்.

“யாத்தீ! பெரியம்மா லாரி ஓட்டுது!”

“போடி, உன் சோலியப் பாரு. நான் லோடு ஏத்திட்டுப் போறேன்” என்றேன். திரும்பவில்லை. ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார்.

விதைப்புக்கு எடுத்தபோது மீதிப் பூண்டில் ஒரு பல்கூட அழுகவில்லை. அந்த வருடமும் யார் வீட்டு வாசலிலும் நான் போய் நிற்கவில்லை.

கியர்க்காரரை மகள் தன்னோடே வைத்துக்கொண்டாள். அறை காலியா என்று யாராவது கேட்டால், ஆள் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஐப்பசி வந்தால் சீட்டில் ஏறி உட்காருகிறேன். வளைவு இருக்கிறதோ இல்லையோ, ஹாரன் அடிக்கிறேன். எந்த ஊரில் லாரியை நிறுத்தினாலும், மேட்டில் ஜீப்பை நிறுத்தும்போது அவர் போடுவது போல முதல் கியரில் போட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். என்றைக்காவது திரும்பி வந்து பார்த்தால், மனிதர் குறை சொல்லக் கூடாது பாருங்கள்.