கணுக்கால் நனையாத அலை நிபுணர்

இந்த இனத்தைப் பார்க்க நீங்கள் ஒன்றும் கஷ்டப்பட வேண்டாம். செராய் கடற்கரையில் அலைச்சறுக்குப் பலகை வாடகைக்கு விடும் கொட்டகைக்கு இடப்பக்கம், ஞாயிற்றுக்கிழமையானால் நிற்பார். அலை நிபுணர். மூக்கு நுனியில் வெள்ளைக் களிம்பு, முட்டி வரை பூப்போட்ட நிக்கர், கழுத்தில் விசில், காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கக் கையில் ஒரு பிடி மணல். கடலிலேயே பிறந்தவர் என்று நினைப்பீர்கள். கணுக்காலைப் பாருங்கள். காய்ந்து கிடக்கும்.

எங்கள் மட்டாஞ்சேரி நிபுணரின் பெயர் சங்கர்ராம். மிளகு குடோனில் சூப்பர்வைசர். ‘அலை நண்பர்கள்’ வாட்ஸப் குழுவுக்கு அட்மின். காலை ஆறு மணிக்கு வரும் அவர் குரலைக் கேட்காமல் பதினெட்டுப் பேரில் ஒருவரும் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டார்கள். தென்மேற்குக் காற்று, அடிநீரோட்டம், அலைக்கும் அலைக்கும் நடுவில் எத்தனை நொடி, எல்லாம் சொல்லி, தொண்டையைக் கனைத்து, கடைசியில் "இன்னிக்கு வேண்டா" என்பார். என்றைக்காவது "போங்க" என்று சொன்னதுண்டா? போனவன் விழுந்து வைத்தால் நிபுணர் பெயர் என்ன ஆவது?

யூதர் தெருவான ஜூ டவுனில் பழம்பொருள் கடையில் வேலை பார்க்கும் நசீபாவுக்குச் சனிக்கிழமை மட்டும் லீவு. மழைக்காலத்துக்குள் ஒரே ஒரு தடவை பலகைமேல் எழுந்து நின்றுவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மூன்று சனிக்கிழமைகள் நிபுணரின் "வேண்டா"வில் போயின. மிச்சம் ஒன்றுதான், அடுத்த வாரம் மழை பிடித்தால் கொட்டகையைப் பிரித்துவிடுவார்கள். அந்தக் கடைசிச் சனிக்கிழமை அவள் நிபுணரின் குரலுக்குக் காத்திராமல், ஆறு மணிக்கு முன்பே மட்டாஞ்சேரி படகு ஜெட்டிக்குப் போனாள். அங்கே ஒரு கையில் சாயா, மறு கையில் போனுமாக நிபுணர் நின்றிருந்தார். முதல் போட் வந்து ஒட்டி நின்றதில் உப்பங்கழித் தண்ணீர் படிக்கட்டில் தளக்கென்று மோதியது. அவர் முகம் இறுகியது.

"செராயில அல மோசம். யாரும் இறங்கண்டா," என்று போனில் பதிவு செய்தார்.

நசீபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று சனிக்கிழமைகளும் இப்படித்தானா?

"சேட்டா, இது காயலல்லே? கடலு அந்தப் பக்கமாக்கும்."

"கடலோ காயலோ, வெள்ளம் எல்லாம் ஒண்ணுதான் மோளே. அங்க அடிக்கிறதுதான் இங்க வந்து முட்டும்."

"இப்ப முட்டினது போட்டு."

"அந்தப் போட்ட ஆட்டுறது யாரு?"

அவள் போட்டில் ஏறிவிட்டாள்.

செராயில் இடுப்பளவு அலை. சின்னப் பிள்ளைகள் கூடக் குளித்துக்கொண்டிருந்தார்கள். நசீபா ஒன்பது தடவை விழுந்தாள். மூக்கெல்லாம் உப்பு, முழங்கையெல்லாம் சிராய்ப்பு. பத்தாவது தடவை எழுந்து நின்றாள். நாலு நொடி. கரைக்கு வந்து சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். கொட்டகைக்காரர் எடுத்த படத்தைக் குழுவில் போட்டாள். மறு நிமிடமே நிபுணரின் குரல் வந்தது: "நான் காலைல எச்சரிச்சதுனால சூக்ஷிச்சு, கவனமா இறங்கியிருக்கா. கொள்ளாம், நல்லா இருக்கு. முட்டிய இன்னும் கொஞ்சம் மடக்கணும்." குழுவில் அத்தனை பேரும் அவருக்குக் கைகூப்பினார்கள்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அவள் ஒன்பது தடவை விழுந்தாள் என்று படித்தபோது, பலகையில் கொஞ்சம் முன்னால் தள்ளிப் படுத்திருக்கலாமே என்று உங்களுக்கு ஒரு யோசனை ஓடியதல்லவா? பொய் சொல்லாதீர்கள். அது சரி, நீங்கள் கடைசியாகக் கடலில் முங்கியது எந்த வருஷம்?