மூத்த மாப்பிள்ளைக்கு இரண்டு எம்.பி.யா?

சகலை நெல்லைநாயகத்தின் வீட்டு அலமாரியில் அந்தச் சின்ன அட்டைப்பெட்டியைப் பார்த்ததும், தின்றுகொண்டிருந்த அதிரசம் கோமதிசங்கருக்குத் தொண்டையிலேயே நின்றுவிட்டது. கம்ப்யூட்டருக்குள் இருந்து திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டு வந்த பெட்டி அது. மேலே கொட்டை எழுத்தில் மெமரி 4 எம்.பி. என்று போட்டிருந்தது.

கோமதிசங்கர் வீட்டுப் பெட்டியில் 2!

மாமனாரின் இளைய மகளுக்கு அது தலைதீபாவளி. 1998-இல் எந்தப் புது மாப்பிள்ளை வாட்சும் மோதிரமும் கேட்கிறார்? நெல்லைநாயகம் கம்ப்யூட்டர் கேட்டார். அவருக்கு மட்டும் கொடுத்தால் மூத்தவர் ஆறு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்பது மாமனார் பாபநாசத்துக்குத் தெரியும். ஒரே கடையில் இரண்டு வாங்கி, பாளையங்கோட்டையில் இளையவருக்கு ஒன்று, திருநெல்வேலி டவுனில் மூத்தவருக்கு ஒன்று என்று அனுப்பிவிட்டு நிம்மதியாக அம்பாசமுத்திரத்தில் இருந்தார். பாவம்.

கோமதிசங்கர் கை கழுவும் சாக்கில் அலமாரிப் பக்கம் போய், பெட்டியில் அச்சடித்திருந்ததை எல்லாம் பஸ் டிக்கெட்டின் பின்னால் குறித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து தம் பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது உடம்பெல்லாம் எரிந்தது.

"பாத்தியா பிருந்தா! ஒரே அளவுப் படத்துக்கு நமக்கு வெறும் அறுபத்தஞ்சாயிரம் கலரு. ஒன் தங்கச்சி வீட்டுல ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம்!"

"நீங்க அதுல சீட்டுல்லா ஆடுதீங்க? அதுக்குச் செவப்பும் கருப்பும் போதாதா?"

"கலரா முக்கியம்? மூத்த மாப்பிள்ளை யாரு? அதைச் சொல்லு!"

டெலிபோன் போன வேகத்தில் பாபநாசம் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"மாப்பிள்ள, மூத்தவருக்கு ஒசத்தியாப் பாத்துப் போடுங்கன்னு கடையில படிச்சுப் படிச்சுச் சொல்லித்தான் வாங்கினேன்."

"அப்போ இந்த அட்டைப்பெட்டி பொய் சொல்லுதா மாமா?"

கோமதிசங்கர் பெட்டியை மூக்குக்கு நேரே நீட்டினார். "விடுங்க, இன்னொரு நாலு வாங்கித் தாரேன்" என்றார் பாபநாசம் பைய.

"நான் என்ன பிச்சையா கேக்கேன்? அவரு வீட்டு நாலு இங்கன வரணும். இந்த ரெண்டு அங்கன போகணும். அதுதான் மரியாதை."

இதைச் சொல்லப் பாளையங்கோட்டைக்குப் போன பாபநாசத்துக்கு அங்கே அதைவிடப் பெரிய மரியாதை நடந்தது.

"தலைதீபாவளிச் சீரைத் திருப்பிக் கேக்க வந்தியளா?" என்று நெல்லைநாயகம் குதித்தார். "கார்டு போற ஆட்டோவுலயே ஒங்க மகளையும் ஏத்தி அனுப்புதேன். ரெண்டையும் கூட்டிட்டுப் போங்க!"

இளைய மகள் அழுதாள். அக்காவும் தங்கையும் பேச்சை நிறுத்தினார்கள். கல்யாணமாகி மூன்று மாதத்தில் மகள் பெட்டியோடு திரும்பி வந்துவிடுவாளோ என்று பாபநாசத்துக்கு ராத்தூக்கம் போயிற்று. கடைசியில் இளையவருக்குச் சமாதானமாக ஒரு கலர் பிரிண்டர் வாங்கித் தருவதாக அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் ஆட்டோ பேச்சு நின்றது.

"பிரிண்டரை அவரே வச்சுக்கிடட்டும். எனக்கு நாலு வந்தாப் போதும்" என்று கோமதிசங்கர் பெருந்தன்மை காட்டினார். சகலை பின்னால் மனம் மாறிவிடக் கூடாதே! 'இனி எக்காலத்திலும் கார்டை மாற்றித் தரச் சொல்லிக் கேட்க மாட்டோம்' என்று தம் கைப்படவே எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, மாமனாரைச் சாட்சியாக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை கடை மெக்கானிக் காஜா முகைதீன் இரண்டு கம்ப்யூட்டர்களையும் ஒரே மேஜையில் வைத்துக் கழற்றினார். கார்டுகளை வெளியே எடுத்தவர் ஒவ்வொன்றையும் அதனதன் அட்டைப்பெட்டியோடு வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம். இந்தக் கார்டு மேல என்ன போட்டிருக்குன்னா..."

"நீரும் அவரு பக்கமா வே? ஒம்ம விளக்கத்தை யாரு கேட்டா? பேசாம மாத்தும்!" என்று கோமதிசங்கர் பாய்ந்தார்.

காஜா முகைதீன் பேசாமல் மாற்றினார்.

அன்று சாயங்காலம் கோமதிசங்கர் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைப் போட்டார். திரையில் சீட்டு விரிந்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்து நாள் எரிச்சல் அப்போதுதான் அடங்கியது.

"பாத்தியா, கலரு எப்படிக் கொட்டுது! இஸ்பேட் ராசா முகத்துல என்ன களை! நேத்து வரைக்கும் சீக்காளி மாதிரில்லா இருந்தான்? கேட்டு வாங்கலேன்னா நம்மள ஏமாத்தியிருப்பாங்க."

பிருந்தா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரிதாங்க. ஆனா சுவிட்சப் போட்டதும் கார்டைப் பத்தி மேல ஒரு வரி வந்துட்டுப் போகும்லா, அதுல தெனமும் நாலு எம்.பி.ன்னுல்லா வந்துட்டிருந்துச்சு, இன்னைக்கு ஏன் ரெண்டுன்னு வருது?"